ஏலத்துக்கு முன் வாங்க வேண்டிய ஜிக்

அக். 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ஷெட் பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தேன். நாலு வருடப் பூட்டு. என் வீட்டுக்காரர் ரத்தினராஜ் போன பிறகு விளக்குமாறுகூட உள்ளே போகவில்லை, போன வருடம் அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்காக மூன்று நாள் திறந்ததைத் தவிர.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஐந்து வாரம்.

தமிழில் எழுதுகிறேன். கான்வென்ட்டில் பதினோரு வருடம் படித்தவளுக்கு இங்கிலீஷ் கையெழுத்துதான் ஒழுங்காக வரும். ஆனால் மருமகள் ஷில்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் ஹுப்ளிக்காரி. நல்ல பெண்தான், ஆனால் திறந்து கிடப்பதையெல்லாம் படிப்பாள்.

போன வருடம் நடந்ததை ஒரு முறை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மாட்டேன்.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். வாழைத்தார், கோழி, கேக், ஊறுகாய், அவரவர் கைவேலை. நான் ஒரு தேக்குப் பெட்டி செய்து கொடுத்தேன். என் எழுபத்திரண்டாவது வயதில் முதல் பெட்டி. மூலைகளில் பசையும் ஆணியும். மைக் பிடித்தவர் ஜெயசீலன், சபைக் கமிட்டிச் செயலாளர், ரத்தினராஜின் சிநேகிதர், சனிக்கிழமைதோறும் பாரிஷ் ஹாலில் தச்சு வகுப்பு எடுப்பவர். பெட்டியை மூடியைப் பிடித்துத் தூக்கினார். மூடியைப் பிடித்து! பெட்டியை அடியில்தான் ஏந்த வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மூலை விட்டது. அடிப்பலகை அவர் ஷூ மேல் விழுந்தது. அவர் மைக்கில் சொன்னார்:

"ஐயோ, அக்கா! நம்ம அண்ணன் இருந்திருந்தா அழுதிருப்பார்!"

சபை முழுக்கச் சிரித்தது. பாடகர் குழு சிரித்தது. என் மகன் டேனி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ஏலம் கேட்க ஒருத்தரும் இல்லை. கடைசியில் ஆயரம்மா பாவப்பட்டு எடுத்துக்கொண்டார்.

பாவப்பட்டு.

இந்த வருடம் டவ்டெயில்.

அக். 9, புதன்

தூறல். சர்க்கரை மாத்திரை தீர்ந்தது (வாங்க). சந்து முனையில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றதால் பால் தாமதம்.

டவ்டெயில் என்றால் ஒரு பலகையின் முனையில் வால்கள், அடுத்த பலகையின் முனையில் பற்கள், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூலை. வால் நுனியில் அகன்றிருக்கும், ஆகவே இழுத்தால் வராது. யார் எதைப் பிடித்துத் தூக்கினாலும் வராது. ஆணி வேண்டாம்.

கையால் அறுக்கலாம். ரத்தினராஜ் அப்படித்தான். "ஜிக் எல்லாம் கையாலாகாதவனுக்கு, ஹெலன்" என்பார். என் கட்டை விரல் அடியில் ஆர்த்ரைடிஸ். டாக்டர் ஜாம் பாட்டில்கூடத் திறக்கக் கூடாது என்கிறார். ரம்பத்தைச் சரிவாகப் பிடித்துக் கோணாமல் அறுப்பது நடக்காது. ஆகவே ஜிக், அதாவது ரம்பமோ மெஷினோ வழி தவறாமல் போகப் பிடித்துவைக்கும் அச்சு. கையாலாகாதவள் என்றால் கையாலாகாதவள். இருக்கட்டும்.

இரண்டு நாளாக வீடியோ பார்த்ததில் மூன்று வகை:

அ. பன்னிரண்டு அங்குல அலுமினிய ஜிக். இரண்டு பலகைகளையும் ஒன்றாகப் பூட்டி ரவுட்டர் ஓட்ட வேண்டும். (ரவுட்டர் என்பது டேனி வீட்டுச் சுவரில் மினுக்கும் வைஃபை பெட்டி இல்லை. மரத்தைக் குடைந்தெடுக்கும் மெஷின்.) வாலும் பல்லும் ஒரே அகலத்தில்தான் வரும். மாற்ற வழியில்லை.

ஆ. விரல்களைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளும் வெளிநாட்டு ஜிக். அழகு. விலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே விலை. இதற்கும் ரவுட்டர் வேண்டும்.

இ. காந்த கைடு. உள்ளங்கை அளவு. பலகையின் முனையில் கவ்விக்கொள்ளும். சரிவான முகத்தில் காந்தம். ரம்பத்தகடு அதில் ஒட்டிக்கொண்டு அதே சரிவில் இறங்கும். சத்தமில்லை. இழுத்தால் போதும்.

வேலைக்கு வரும் லட்சுமம்மா எட்டிப் பார்த்தாள். "ஏனம்மா இது, நாள் பூரா மரம் அறுக்கிறதைப் பாக்கறீங்க? சீரியல் பாக்கலாம் இல்ல?"

இது சீரியலைவிட நன்றாக இருக்கிறது என்றேன். சீரியலில் கெட்டவன் தப்பித்துவிடுகிறான்.

அக். 12, சனி

கடைகள் மூடல், விஜயதசமி. எதிர்வீட்டில் காருக்கு மாலை. நடுத்தெருவில் பூசணிக்காய் உடைத்து, அள்ளவில்லை. யாராவது வழுக்கி விழுவார்கள்.

டேனி போன். வைட்ஃபீல்டிலிருந்து வர இரண்டு மணி நேரம், ஆகவே இந்த வாரம் வரவில்லை.

"ரவுட்டர் எல்லாம் வேண்டாம் மம்மி. விரல் போயிடும்."

"போன வருஷம் மானம் போச்சே, அப்போ என்ன பண்ணினே?"

சிரித்தது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறான்.

அக். 14, திங்கள்

வெயில். எஸ்.பி. ரோடு பக்கம் டூல்ஸ் கடை. ஆட்டோக்காரனுடன் வாக்குவாதம், வென்றேன். கடையில் மெஷின்களுக்கெல்லாம் இன்னும் சந்தனம், குங்குமம். வாசலில் வாடிய வாழைக்கன்று.

கடைக்காரர் தாடி வைத்த சாயபு, மரியாதையான மனிதர். "யாருக்கு அம்மா? பையனுக்கா?"

"எனக்கு."

"அச்சா." ஸ்டூல் போடச் சொன்னார். "இதோ, பன்னெண்டு இஞ்ச். எல்லாரும் இதான் வாங்கறாங்க. ரவுட்டர் விட்டா பட்டுன்னு முடியும்."

ரவுட்டரைக் கையில் கொடுத்தார். கைக்குழந்தை கனம். ஓடவிட்டார். ஐயோ. பல் கூசியது. காதில் அரை மணி நேரம் வண்டு.

ஜிக் வாங்கினவர்கள் செய்த மாதிரி மூலை ஒன்றைக் காட்டினார். திருப்பிப் பார்த்தேன். கான்வென்ட்டில் மதர் பெர்னடெட் தையலை வாங்கியதும் முன்பக்கம் பார்க்க மாட்டார், பின்பக்கத்தைத்தான் திருப்புவார். அந்தப் பழக்கம்.

"எல்லா வாலும் ஒரே அகலமா இருக்கே பாய்?"

"மெஷின் அம்மா. மெஷினுக்கு என்ன தெரியும், ஒண்ணே மாதிரி போடும். கைவேலைன்னா பல்லு மெல்லிசா இருக்கும். அப்புறம் இங்கே ஒரு கோடு இருக்கும் பாருங்க, எவ்வளவு ஆழம் அறுக்கணும்னு கத்தியால கீறிப்பாங்க. அது போகாது. மெஷின் வேலைல கோடு ஏது? அதான் பேச்சான், அடையாளம். தெரிஞ்சவங்க ஒரே பார்வைல சொல்லிடுவாங்க."

பாடம் நடத்தியதற்கு நன்றி சொன்னேன். காந்த கைடு அவரிடம் இல்லை. வரவழைத்துத் தருகிறாராம், பத்து நாள்.

அக். 15, செவ்வாய்

முடிவெடுக்கும் நாள். கோடு போட்டு இரண்டு பத்தி எழுதினேன்.

ரவுட்டர் ஜிக்: சீக்கிரம். பிசகாது. ஆனால் சத்தம், கனம், விரல். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்காது. முக்கியமாக, ஜெயசீலன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்.

காந்த கைடு: மெதுவாக வரும். உளி வேலை மிச்சம் இருக்கும். தப்பு செய்தால் அது என் தப்பாகவே இருக்கும். ஆனால் வாலை நான் வைக்கிற இடத்தில் வைக்கலாம், பல்லை நான் விரும்புகிற அளவுக்கு மெலிதாக்கலாம்.

சரிவு: ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலம் சாய்வதா, எட்டுக்கு ஒன்றா? தேக்குக்கு எட்டு என்று ஒரு கட்சி. எந்த மரத்துக்கும் ஆறு என்று இன்னொரு கட்சி. இதற்காக வயதான வெள்ளைக்காரர்கள் வீடியோவுக்குக் கீழே ஒருவரை ஒருவர் வைது எழுதியிருக்கிறார்கள். ஆறு. தூரத்திலிருந்து பார்த்தாலும் வால் வால் மாதிரி தெரியும். முற்றத்தில் கடைசி வரிசை வரை தெரிய வேண்டும்.

காந்த கைடு. கூடவே இழுத்து அறுக்கும் ஜப்பான் ரம்பம். போனில் சொல்லிவிட்டேன்.

இரவுச் சாப்பாடு: மோர், இரண்டு தோசை. பசி நன்றாக இருக்கிறது இப்போதெல்லாம்.

அக். 20, ஞாயிறு

கோயில். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி, நாற்பது நிமிடம். ஆயர் இளம் வயது.

காணிக்கைப் பெட்டி என் வரிசைக்கு வந்தது. ஜெயசீலன் செய்தது, பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சபையின் பெருமை. பித்தளைத் தகட்டில் "கையால் செய்து படைத்தது: த. ஜெயசீலன்". வெளியூர் விருந்தினர் வந்தால் ஆல்பம் காட்டுவது போல இதை எடுத்துக் காட்டுவார்கள். என் கையில் எத்தனையோ ஞாயிறு வந்து போயிருக்கிறது. இன்றைக்குத்தான் மூலையைப் பார்த்தேன்.

எல்லா வாலும் ஒரே அகலம். எல்லாப் பல்லும் வாலின் அகலம். கோடு இல்லை.

மறுபடி பார்த்தேன். பின்வரிசை ஆள் தொண்டையைச் செருமினார். காணிக்கை போடாமலே கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மெஷின். ஜிக். பன்னிரண்டு அங்குலம்.

கடைசிப் பாட்டை உரக்கப் பாடினேன். ஜெயசீலன் மனைவி பிரேமா, பாடகர் குழுவில் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிறவள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அமைதியானவள், புருஷன் பேசும்போது குறுக்கிட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெலன் அக்கா, இன்னிக்குக் குரல் ஜோரா இருந்தது" என்றாள்.

இருக்கும்.

அக். 21, திங்கள்

மழை, இடி. மின்சாரம் போய் வந்தது.

திட்டம். போன வருடம் அவர் செய்ததை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும்: அதே முற்றம், அதே மைக், அதே சபை. தனியாக அழைத்துச் சொல்வதெல்லாம் கிடையாது. அவர் என்னைத் தனியாக அழைத்தா சிரித்தார்?

சொல்ல வேண்டிய வாக்கியங்கள் (நீளம் கூடாது):

1. ஜெயசீலன், அந்தப் பெட்டியைக் கையால் செய்தீர்களா? 
2. அப்படியானால் கோடு எங்கே? 
3. அண்ணன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

மூன்றாவது நன்றாக இருக்கிறது. ரத்தினராஜ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இன்ஸ்பெக்டர். மயிரிழை விலகினாலும் திருப்பி அனுப்பியவர். சிநேகிதன் என்று பார்த்திருக்க மாட்டார்.

அக். 24, வியாழன்

கைடு வந்தது. சின்னச் சாமான், ஆனால் காந்தம் பயங்கரம். மூக்குக் கண்ணாடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

முதல் மூலை. கைடைக் கவ்வவைத்தேன், ரம்பத்தை ஒட்டவைத்தேன், இழுத்தேன். வெண்ணெய். கட்டை விரலுக்கு வேலையே இல்லை. பத்து நிமிடம் ராணி மாதிரி இருந்தேன்.

பிறகு உளி. கொட்டாப்புளி மரச்சுத்தியை முஷ்டியால் பிடித்தால் வலி இல்லை. கொத்தி முடித்துக் கோத்துப் பார்த்தால் கோக்க ஒன்றுமில்லை. வெட்டி எறிய வேண்டியதை வைத்துக்கொண்டு வாலைக் கொத்தி எறிந்திருக்கிறேன். கழிவுப் பக்கத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போடு என்று எல்லா வீடியோவிலும் கத்துகிறார்கள். போடவில்லை. எனக்குத் தெரியும் என்ற எண்ணம்.

இரண்டாவது மூலை: கோட்டுக்கு அந்தப் பக்கம் அறுத்துவிட்டேன். பல்விழுந்த கிழவர் மாதிரி ஆடுகிறது.

லட்சுமம்மா இரண்டையும் அடுப்பெரிக்கக் கேட்டாள். ஜீவனஹள்ளியில் அவள் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு என் கைவேலை.

அக். 26, சனி

ஆறாவது மூலை. பிடிக்கிறது. இழுத்தேன். வரவில்லை. உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பால் பொங்கிவிட்டது.

அக். 28, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பல்லை எவ்வளவு மெலிதாக்கலாம் என்று பார்க்க ஒரு நல்ல மாதிரி வேண்டியிருந்தது. வீட்டிலேயே இருக்கிறதே என்று என் டிரெஸ்ஸிங் டேபிள் டிராயரை உருவினேன். எங்கள் வெள்ளி விழாவுக்கு ரத்தினராஜ் செய்து கொடுத்தது. மூன்று மாதம் ஷெட்டைச் சாத்திக்கொண்டு செய்தார். "கையால அறுக்கிறேன் ஹெலன், கவனம் சிதறும், வராதே." உள்ளே மெஷின் சத்தம் கேட்டால் இழைக்கிறேன் என்பார். வலது கை விரலில் பிளாஸ்டர்கூடப் போட்டிருந்தார். நான் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இந்த டிராயரைத் திறந்து மூடிக் காட்டியிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லா வாலும் ஒரே அகலம். கோடு இல்லை.

நான்கு டிராயரையும் உருவிக் கட்டிலில் வைத்தேன். நான்கும்.

ஷெட் பரணில் ஏணி போட்டு ஏறினேன் (டேனிக்குத் தெரியக் கூடாது). பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பின்னால் தள்ளி, பன்னிரண்டு அங்குல ஜிக். இன்ஸ்பெக்டர் அல்லவா, அட்டை கட்டியிருந்தார். அவர் கையெழுத்தில் அளவுகள்: "ஹெலன் டிராயர்". அதற்குக் கீழே வேறு மையில்: "ஜெ. காணிக்கைப் பெட்டி".

இரண்டு பேரும் சேர்ந்து.

பிளாஸ்டருக்குக் கீழே ஒரு காயமும் இருந்திருக்காது. அந்த விரலை ஒரு வாரம் நான் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். சாதம் பிசைந்து கொடுத்தேன்.

அக். 29, செவ்வாய்

வேலை செய்யவில்லை. டிராயர்கள் கட்டிலிலேயே. ஹாலில் சோபாவில் தூங்கினேன்.

ஜிக் வைத்துச் செய்தது குற்றமில்லை. நானே வைத்திருக்கிறேன். டிராயர் நன்றாகத்தான் இருக்கிறது, மழைக்காலத்தில்கூடச் சிக்காது. ஜிக்கில் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அதே சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டிருப்பேன். இல்லை, பொய். கொஞ்சம் குறைவாகச் சந்தோஷப்பட்டிருப்பேன். அதற்காக என்னை ஏமாற்றலாமா?

இப்போது நிலைமை: ஜெயசீலனைப் பற்றி நான் வாய் திறந்தால், அவர் ஒரே வார்த்தையில் அடைத்துவிடலாம். "அது அண்ணனோட ஜிக்." ரத்தினராஜ் பெயர் கெடும். என் பெயர் அதைவிட. டிராயர் காட்டியவள்!

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மைக்கும் தகடுமாக இன்னும் பத்து வருடம்.

அக். 31, வியாழன்

தீபாவளி. பட்டாசுப் புகை. எதிர்வீட்டிலிருந்து மைசூர்பாகு, கல். மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒன்றுதான் சாப்பிட்டேன்.

மறுபடி ஷெட். கோபம் இருக்கும்போது கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுக்கம் நிற்கிறது. இரண்டு மூலை முடித்தேன்.

நவ. 2, சனி

காய்கறிக் கடை. தெரு முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி, நேற்றைய மாநில நாள் ராஜ்யோத்சவத்தினுடையது. ஜெயசீலனும் பிரேமாவும் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! இந்த வருஷம் ஏலத்துக்கு என்ன? கேக்கா, பெட்டியா?"

"பெட்டி."

"கேக்கே பண்ணுங்க அக்கா. கேக் உடைஞ்சாலும் துன்னலாம்."

கடைக்காரனும் சிரித்தான். பிரேமா சிரிக்கவில்லை. "சும்மா இருங்களேன்" என்று முருங்கைக்காயைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன் கை யாருக்கும் வராது அக்கா. என்ன மாதிரி டவ்டெயில்! கையாலயே!" என்றார், என் கண்ணைப் பார்த்து.

என் கண்ணைப் பார்த்து. சொன்னவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார். செத்துப்போனவரும் இவரும் இன்னும் என்னை ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

வெண்டைக்காய் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

சொல்வேன். இரண்டு பேரையும் சொல்வேன்.

நவ. 8, வெள்ளி

குளிர் காற்று. பெட்டி முடிந்தது. நான்கு மூலை, மூலைக்கு நான்கு வால், பல் மெலிது, கோடு இருக்கிறது. மெழுகு போட்டேன். ஒரே குறை: முன் வலது மூலையில் மூன்றாவது வாலில் நகம் நுழையும் இடைவெளி. மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். எல்லோரும் அடைக்கிறார்கள். அடைக்கவில்லை.

அடியில் மையால் எழுதினேன்: "ஹெலன் ரத்தினராஜ். காந்த கைடு வைத்து அறுத்தது. மூன்றாவது வாலில் இடைவெளி."

மை காய்ந்த பிறகு மூடியைப் பிடித்துத் தூக்கினேன். உதறினேன். ஸ்டூலிலிருந்து கீழே தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூலையில் சிறு நசுங்கல். இருக்கட்டும்.

டிராயர்களைத் திரும்ப டேபிளில் போட்டேன். துணி வைக்க இடம் வேண்டுமே.

நவ. 10, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

வெயில். சாம்பல் பட்டுப்புடவை. டேனி, ஷில்பா வந்தார்கள், வாழைத்தாரோடு.

பெட்டி பதினாலாவது உருப்படி. முன்னால் ஒரு சேவல், பின்னால் பிளம் கேக். ஜெயசீலன் எடுத்தார். மூடியைப் பிடித்துத்தான்.

"போன வருஷம் மாதிரி அடி கழண்டு விழலே, ஸ்தோத்திரம்!"

சிரிப்பு. திருப்பிப் பார்த்தார். மூலையை இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். முகம் மாறியது, நான் பார்த்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். பல்லை விரலால் தடவிவிட்டு மைக்கில் சொன்னார்:

"சரிவு எல்லாம் அச்சு மாதிரி இருக்குதே. அக்கா, உண்மையைச் சொல்லுங்க, ஜிக் வெச்சதுதானே? பரவாயில்ல, வயசாயிடுச்சு. ஆனா நம்ம சபைல கைவேலைன்னா கைவேலைதான்."

எழுந்து போனேன். டேனி புடவைத் தலைப்பைப் பிடித்தான். "மம்மி, ப்ளீஸ்." உருவிக்கொண்டேன். மைக்கை வாங்கினேன். கொடுத்துவிட்டார், நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்து.

"ஜிக்தான். அடியில எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டுங்க."

படிக்கவில்லை. ஆயர் வாங்கிப் படித்தார். மூன்றாவது வாலில் இடைவெளி என்றதும் யாரோ கை தட்டி, நிறுத்திக்கொண்டார்கள்.

"இப்போ உள்ளேயிருந்து காணிக்கைப் பெட்டியக் கொண்டு வாங்க. அதுல கையால செஞ்சதுன்னு தகடு இருக்கு. கையால அறுத்தா ஒரு கோடு இருக்கும். பல்லு மெல்லிசா இருக்கும். அதுல ரெண்டும் இல்ல. ஜெயசீலன், அதை எதுல செஞ்சீங்க?"

சேவல் மட்டும் கத்தியது. ஜெயசீலன் குரலைத் தாழ்த்தி, மைக்குக்கு எட்டாமல், "அக்கா, வேண்டாம். அது அண்ணனோட..." என்றார்.

"உரக்கச் சொல்லுங்க. அண்ணனோட ஜிக். என் வீட்டுப் பரண்ல இருக்கு. என் டிராயர் நாலும் அதுலதான் செஞ்சார். உங்கள்ல பாதிப் பேருக்கு அந்த டிராயரை நான் காட்டியிருக்கேன். கையாலன்னு சொல்லிக் காட்டினேன். தப்பு. என்கிட்ட அவர் அப்படித்தான் சொன்னார்."

எழுதிவைத்த மூன்றாவது வாக்கியம் தேவைப்படவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏலம் போடுங்க."

அவர் போடவில்லை. அப்போது பாடகர் குழுவிலிருந்து ஒரு கை. பிரேமா.

"நான் கேக்கிறேன்" என்று ஒரு தொகை சொன்னாள். வேறு யாரோ கூட்டினார்கள். பிரேமா இன்னும் கூட்டினாள். தன் மனைவியின் தொகையை ஜெயசீலனே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தரம். ரெண்டு தரம். மூன்றாம் தரம் சொல்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

பிரேமா பெட்டியை இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுத்துக்கொண்டாள்.

காரில் ஷில்பா, "அத்தே, ஏனு ஹேளிதிரி, என்ன சொன்னீங்க? எனக்குப் பாதி புரியலே" என்றாள். சொன்னேன். டிராஃபிக் சிக்னல் இரண்டு மாறும்வரை சிரித்தாள்.

நவ. 11, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். கட்டிலில்.

போன்கள், ஒன்பது. அதில் நான்கு பேர், புருஷனை இப்படிச் சபையில் வைத்து, அதுவும் இறந்தவரை, என்றார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் வீட்டிலேயே வைத்துக் கேட்டிருப்பேன் என்றேன். இரண்டு பேர் கைடு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஆயர் சமாதானம் பண்ண வரட்டுமா என்றார். வேண்டாம், முட்டி வலி என்றேன். உண்மையும்தான்.

சபையில் தகட்டைக் கழற்றிவிட்டார்களாம். நான்கு திருகாணி ஓட்டை தெரிகிறதாம்.

வருத்தம் இருக்கிறதா என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். ரத்தினராஜ் விஷயத்தில் கொஞ்சம். ஜெயசீலன் விஷயத்தில் இல்லை.

நவ. 12, செவ்வாய்

சாயங்காலம் ஜெயசீலன் வந்தார். வராந்தாவில் பிரம்பு நாற்காலி காட்டினேன். நானும் உட்கார்ந்தேன்.

"அண்ணன்தான் அக்கா, தகட்டுல கையாலன்னு போடச் சொன்னார். எழுத்துகூட அவர்தான் வரைஞ்சு கொடுத்தார்."

"தெரியும். அவர் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். நீங்க எல்லாருக்கும் காட்டிச் சந்தோஷப்படறீங்கன்னு. அதைக் காப்பாத்தினேன் அக்கா, பன்னெண்டு வருஷம். என்னையே இப்படி..."

"காப்பாத்தினதுக்கு நன்றி. வேற?"

"வேற என்ன சொல்லணும்?"

"போன வருஷம் மைக்ல ஒண்ணு சொன்னீங்க. அவர் இருந்திருந்தா அழுதிருப்பார்னு."

"அது தமாஷுக்கு அக்கா."

"அப்படியா."

மன்னிப்பு அவர் வாய்வரை வந்தது. நான் பார்த்தேன். ஆனால் எழுபதை நெருங்குகிற ஆம்பளை, திரும்பிப் போய்விட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மழை வரும்போல இருக்கு என்றார். வரும் என்றேன். பிரேமா பெட்டியில் பாட்டுப் புத்தகங்களை வைத்திருக்கிறாளாம், அவரைத் தொட விடுவதில்லையாம். நல்லது என்றேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காபி வேளை. உள்ளே டிக்காஷன் இறங்கி, வாசனை வராந்தா வரை வந்துகொண்டிருந்தது. போடவில்லை.